ஆவியை உண்டு வாழும் உயிர்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் கருவறைக்குள் லிங்கம் கிடையாது. ஆவுடையார் மட்டுமே இருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள படைகல்லில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூடு ஆறுவதற்குள் கொட்டிப் பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. ஆனால் ஆத்மநாதருக்கு நிவேதனம் ஆவது அந்தச் சோற்றிலிருந்து எழும் ஆவிதான். உருவம் இல்லாதவனுக்கு உருவம் இல்லாத அமுது. மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை என்று சைவர்கள் கொண்டாடும் அந்தத் தலத்தில் இன்றும் இந்த வழக்கம் தவறாமல் நடக்கிறது.

கடவுளுக்கு ஆவி போதும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. உடல் எடுத்த ஓர் உயிருக்கும் அது போதும் என்று நுண்ணுயிரியல் கண்டறிந்ததைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. சர்க்கரை வேண்டாம், மாவு வேண்டாம், சூரிய ஒளிகூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் என்னும் மூன்று வாயுக்களை மட்டும் உண்டு, அவற்றின் கார்பனிலிருந்தே தன் உடலைக் கட்டிக்கொண்டு, எஞ்சியதை அசிட்டிக் அமிலமாகவும் எத்தனாலாகவும் வெளியே விடும் பாக்டீரியாக்கள் இந்த மண்ணில் வாழ்கின்றன. அசிட்டிக் அமிலம் என்றால் வினிகரின் புளிப்பு. எத்தனால் என்றால் இன்று நம் வண்டிகளுக்குப் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து வரும் அதே சாராயம்.

இந்த வாயுக்கள் எங்கிருந்து வருகின்றன என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கரிமூட்டத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டித் துண்டாக்கி, நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, ஒரு வாயில் தீ வைப்பார்கள். காற்று அளவாகத்தான் உள்ளே போகும். முதலில் வெண்புகை அடர்ந்து வரும், அது பெரும்பாலும் விறகின் ஈரம். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் பாயும். அனுபவசாலிகள் அந்த நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கரி. புகையோடு வானத்துக்குப் போய்விடும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கரியையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் வாயுவாக மாற்றிவிடும் கலன்கள் இருக்கின்றன. 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில், முழுதாக எரிந்துபோகாதபடி காற்றை அளந்து விட்டால், விறகு முதலில் காய்ந்து, பிறகு சிதைந்து, கடைசியில் அதன் கரி நீராவியோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2003-ல் இப்படி 9 கிலோவாட் கலன் ஒன்றை நிறுவி, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டிக் குடிநீர் இறைத்தது. வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பது ஒரு வழி. எரிக்காமல் ஓர் உயிருக்கு உண்ணக் கொடுப்பது இன்னொரு வழி. நாம் இங்கே பார்ப்பது இரண்டாவதை.

மரத்தை நேரடியாகப் புளிக்க வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கு லிக்னின் இடம் கொடுக்காது. மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த லிக்னின்தான். நார்களை ஒட்டிப் பிடித்து மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது அது. எத்தனால் தயாரிக்கும் ஈஸ்ட்டால் அதைத் தொடவே முடியாது. மரத்தை வாயுவாக்கிவிட்டாலோ சர்க்கரை, நார், லிக்னின் என்ற பேதமெல்லாம் மறைந்துபோகிறது. கருவேல விறகு, தேங்காய் மட்டை, முந்திரித் தோடு, கரும்புச் சக்கை எதுவானாலும் கடைசியில் வருவது அதே இரண்டு மூன்று வாயுக்கள். தீ எல்லாவற்றையும் ஒரே எழுத்துகளாகப் பிரித்துப் போட்டுவிடுகிறது. அந்த எழுத்துகளைச் சேர்த்து மறுபடியும் பொருள் தரும் சொல்லாக்கும் வேலை பாக்டீரியாவுடையது.

அந்த எழுத்துகளில் ஒன்று நமக்கு எமன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் விடியும்போது உயிரோடு இல்லை என்ற செய்தியை மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது கேட்கிறோம். அவர்கள் உயிரைப் பறித்த அதே வாயுதான் இந்த உயிர்களுக்கு உணவு. நம்மை வாழவைக்கும் ஆக்சிஜனோ இவற்றுக்கு நஞ்சு. படைப்பில் இப்படி இரண்டு கணக்குகள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாமல் சேற்றின் ஒரு விரற்கடை ஆழம் நடுவில் நின்று காக்கிறது.

இந்த உயிர்கள் கிடைத்த இடங்களைப் பாருங்கள். 1936-ல் ஹாலந்து நாட்டின் வீரிங்கா என்பவர் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அசிட்டிக் அமிலமாக மாற்றும் ஒரு பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தார். கிளாஸ்ட்ரிடியம் அசிட்டிகம் என்பது அதன் பெயர். 1942-ல் இதே குடும்பத்து இன்னொன்று குதிரைச் சாணத்தில் கிடைத்தது. 1980-களில் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தினர் கோழிப் பண்ணைக் கழிவிலிருந்து கிளாஸ்ட்ரிடியம் யூங்டாலியைக் கண்டார்கள். 1994-ல் பெல்ஜியத்தில் முயல் புழுக்கையிலிருந்து கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம் பிரிக்கப்பட்டது. இன்று உலகின் பெரிய ஆலைகளில் வாயுவை எத்தனாலாக்கிக்கொண்டிருப்பது இந்த முயல் புழுக்கைவாசியின் வம்சம்தான். நம் ஊரில் ஆட்டுக்கிடை போட்ட வயலையும் வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழியையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் வீரிங்காவின் பாக்டீரியாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. கண்டுபிடித்த சில ஆண்டுகளில் உலகப் போர் வந்தது. அந்த வளர்ப்பு தொலைந்தே போயிற்று. அதன் பிறகு எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் தேடியும் அந்த உயிர் கிடைக்கவில்லை. ஆனால் வீரிங்கா கொடுத்த வளர்ப்பில் ஒரு சிட்டிகை, கலிபோர்னியாவில் பார்க்கர் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், ஒரு சோதனைக் குழாயில் காய்ந்த மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மேலே ஒட்டிய சீட்டில் 1940-களின் தேதி. 1981-ல் ஜெர்மனியின் காட்ஷாக் குழுவினர் அந்த மண்ணை ஊட்டக் கரைசலில் இட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உணவில்லாமல், நீரில்லாமல், வித்தாகச் சுருங்கிக் கிடந்த உயிர் கண் விழித்து, வாயுவை உண்டு, மறுபடியும் அமிலத்தைச் சுரந்தது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய் முதல் மழையில் பச்சையாவதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நாம். அப்படியிருந்தும் இந்தச் செய்தியில் என் மனம் நின்றுவிடுகிறது.

இந்த உயிர்கள் எப்படித்தான் இதைச் செய்கின்றன? பதில் நொதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு நொதியும் ஒரு புரத மடிப்பு. அதன் நடுவே ஒரு சிறு குழி. வேலை நடப்பது அந்தக் குழியில்தான். இந்தப் பாதையின் சாவி நொதிக்குக் கார்பன் மோனாக்சைடு டிஹைட்ரஜனேஸ் என்று பெயர். பெயர் நீளம், நெஞ்சு சிறியது. ஒரு நிக்கல் அணு, நான்கு இரும்பு அணுக்கள், அவற்றைப் பிணைக்கும் கந்தக அணுக்கள். அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு வந்து நிக்கலின் மேல் அமர்கிறது. பக்கத்து இரும்பில் நீரிலிருந்து வந்த ஒரு துணுக்கு காத்திருக்கிறது. இரண்டும் சேர்கின்றன. கார்பன் டை ஆக்சைடு விலகிப் போகிறது, இரண்டு எலக்ட்ரான்கள் பாக்டீரியாவின் கணக்கில் வரவாகின்றன. அந்த எலக்ட்ரான்கள்தான் அதன் சொத்து. கொதிக்கும் ஊற்றில் வாழும் ஓர் இனத்தின் இதே வகை நொதி 70 டிகிரி வெப்பத்தில் ஒரு வினாடிக்குச் சுமார் 30 ஆயிரம் முறை இந்த வேலையை முடிக்கிறது.

நிக்கல் என்றால் நாணயம் வார்க்கும் உலோகம். உயிருக்கு அதில் என்ன வேலை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இந்த நொதிக்கு நிக்கல் இல்லாமல் நடக்காது என்று 1980-ல்தான் ஜெர்மனியில் டீக்கெர்ட்டும் தவரும் காட்டினார்கள்.

இரண்டாவது நொதி இதனோடு ஒட்டிப் பிறந்தது. அசிட்டைல் கோ-ஏ சிந்தேஸ் என்பார்கள். வாயுவிலிருந்து வந்த ஒரு கார்பனையும், இன்னொரு வழியாகப் படிப்படியாகத் தயாரித்துக் கொண்டுவந்த மீத்தைல் என்னும் மற்றொரு கார்பனையும் முடிச்சுப் போடுவது இதன் தொழில். அந்த மீத்தைலைத் தூக்கிக்கொண்டு வரும் பல்லக்குகளில் ஒன்று ஃபோலேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தின் நேர் உறவு. மற்றொன்றில் கோபால்ட் இருக்கிறது, அது பி12 வைட்டமினின் உறவு. நம் உடம்பில் ஓடும் அதே மருந்துப் பொருள்கள் சேற்றுக்குள்ளும் வேலை பார்க்கின்றன.

இங்கேதான் என்னைக் கைகூப்ப வைத்த செய்தி வருகிறது. கார்பன் டை ஆக்சைடை உண்டு வாழும்போது, முதல் நொதி அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றி இரண்டாம் நொதிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டின் குழிகளுக்கும் இடையே சுமார் 7 நானோமீட்டர் தூரம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான் நானோமீட்டர். அந்த வாயு நடுவழியில் வெளியே கசிந்தால் வீணாகிவிடும். ஸ்டீபன் ராக்ஸ்டேலும் பால் லிண்டாலும் தனித்தனியே இதைச் சோதித்தார்கள். ராக்ஸ்டேல் குழுவினர் கரைசலில் ஹீமோகுளோபினைக் கலந்து வைத்தார்கள். வாயு வெளியே வந்தால் அது விடாது, கவ்விக்கொள்ளும். வாயு பெரும்பாலும் அகப்படவில்லை. இரண்டாம் நொதியின் வேலையும் நிற்கவில்லை. 2002-ல் அந்தப் புரதத்தின் முழு அமைப்பும் எக்ஸ் கதிர்களால் வரையப்பட்டபோது காரணம் தெரிந்தது. புரதத்தின் உடலுக்குள்ளேயே ஒரு சுரங்கம் ஓடுகிறது. ஒரு குழியில் பிறக்கும் வாயு, வெளிக்காற்றைப் பார்க்காமலே அந்த மறைவழியாக மறுகுழியைப் போய்ச் சேர்கிறது. நார்த்தாமலையில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவர்களின் உளியை வியக்கிறோம். இந்தச் சுரங்கத்தைக் குடைந்தவன் எந்த உளியைப் பிடித்தான்?

கடைசி நொதிகளில் ஒன்று டங்ஸ்டனைத் தாங்கியது. பழைய குண்டு பல்புக்குள் சிவந்து எரிந்த இழையின் உலோகம். இது அசிட்டிக் அமிலத்தின் ஆக்சிஜனைக் கழற்றி எத்தனாலுக்கு வழி திறக்கிறது. எந்தச் சுவடு உலோகத்தை எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து உயிரின் விளைச்சலே மாறிப்போவதை ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஜோதிஸ்னா சக்சேனாவும் ரால்ஃப் டானரும் 2011-ல் காட்டினார்கள். நிக்கல், துத்தநாகம், செலினியம், டங்ஸ்டன் ஆகியவற்றைக் கூட்டினால் எத்தனால் கூடியது. செம்பை எடுத்துவிட்டால் அப்போதும் கூடியது. நம் வயலுக்குத் துத்தநாக சல்பேட் போடும் விவசாயிக்கு இது புரியும். ஒரு சிட்டிகைக்குள்தான் விளைச்சல் இருக்கிறது.

கணக்கு வேறு மிகச் சிக்கனமானது. ஆறு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை மட்டும் உண்டால் ஓர் எத்தனால் கிடைக்கும், நான்கு கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கூடவே ஹைட்ரஜனும் போதுமான அளவு இருந்தால், இரண்டு கார்பன் மோனாக்சைடும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்து ஓர் எத்தனாலும் ஒரு நீர் மூலக்கூறும் ஆகும். ஒரு கார்பன்கூட வீணில்லை. ஆனால் ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் நொதியைக் கார்பன் மோனாக்சைடே மட்டுப்படுத்துகிறது. அளவு மீறிக் கொடுத்தால் உணவே தடையாகும். பாக்டீரியாவின் உயிர்ச் செலவுக் கணக்கும் அப்படித்தான். இந்தப் பாதையில் உயிரின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஒன்று செலவாகிறது, அசிட்டிக் அமிலமாக முடிந்தால் ஒன்று வரவாகிறது. கையில் மிச்சம் பூஜ்யம். உயிர் வாழ்வதற்கான லாபத்தை அது சவ்வின் இரு புறமும் அயனிகளைத் தள்ளி வைத்து, அவை திரும்பி வரும் வேகத்தில் துளித்துளியாக எடுக்கிறது. இவ்வளவு சொற்ப வருமானத்தில் குடும்பம் நடத்தும் உயிர் வேறு எது?

இதன் ரகசியத்தை அவிழ்க்க மனிதருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. 1945-ல் பார்க்கரும் மார்ட்டின் காமனும் கதிரியக்கக் கார்பனைக் கொடுத்து, அது அசிட்டிக் அமிலத்தில் போய்ச் சேருவதைக் கண்டார்கள். அந்தக் கார்பன்-14-ஐ ஐந்தாண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே காமன்தான். பிறகு ஹார்லண்ட் வுட்டும் அவரிடம் பயின்ற லார்ஸ் யூங்டாலும் ஒவ்வொரு படியாகத் தொடர்ந்தார்கள். பாதைக்கு இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஆதி மூதாதை இந்தப் பாதையில்தான் வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2016-ல் வில்லியம் மார்ட்டினின் குழு மரபணுக்களை ஒப்பிட்டு வாதிட்டது. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரும்பும் நிக்கலும் கந்தகமும் நிறைந்த, ஆக்சிஜன் இல்லாத பழைய கடலடியை இந்த நொதியின் நெஞ்சு இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்த வாதத்தில் ஈர்ப்பு உண்டாகிறது.

மனிதர் இதை ஆலையில் வைத்தபோது எளிதாக நடந்துவிடவில்லை. புளோரிடாவின் வீரோ பீச்சில் ஐனியோஸ் பயோ என்ற நிறுவனம் 2013-ல் மரக்கழிவையும் தோட்டக்கழிவையும் வாயுவாக்கி எத்தனால் எடுக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 80 லட்சம் காலன் என்பது இலக்கு. வாயுவோடு கலந்து வந்த ஹைட்ரஜன் சயனைடு பாக்டீரியாவை வாட்டியது. கார்பன் மோனாக்சைடு உட்கார வேண்டிய நிக்கலின் இடத்தைச் சயனைடு அடைத்துக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடத்தில் முன்பே தெரிந்த செய்தி. கழுவும் கருவிகளைச் சேர்த்தும் ஆலை நிமிரவில்லை, 2016-ல் விற்பனைக்கு வந்துவிட்டது. அதே சமயம் லான்சாடெக் என்ற நிறுவனம் உருக்காலைப் புகையைப் பிடித்து 2018-ல் சீனாவில் வணிக ஆலையை நடத்திக் காட்டியது. ஜப்பானில் நகரக் குப்பையை வாயுவாக்கிக் கொடுத்தும் எத்தனால் எடுத்தார்கள். நம் நாட்டில் ஹரியானாவின் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் இந்தியன் ஆயில் நிறுவனம் நாளொன்றுக்கு 1,28,000 லிட்டர் எத்தனாலுக்காகக் கட்டிய ஆலை 2023-ல் ஓடத் தொடங்கியது. அங்கே உணவு விறகுப் புகை அல்ல, சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயு. உண்பது அதே முயல் புழுக்கைவாசியின் இனம். அதற்குப் போதுமானது 37 டிகிரி, நம் உடம்புச் சூடு. இதே வாயுவை இரசாயன முறையில் எரிபொருளாக்க 200 டிகிரிக்கு மேலான வெப்பமும் பல மடங்கு அழுத்தமும் தேவை. கொஞ்சம் கந்தகம் கலந்தாலே அங்குள்ள உலோக ஊக்கிகள் செத்துப்போகும். இந்தச் சிற்றுயிர் கந்தகத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

பெரிய தடை ஒன்றுதான். இந்த வாயுக்கள் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 30 மில்லிகிராம் கார்பன் மோனாக்சைடைக்கூட ஏற்காது. உண்ணும் வாய் தயாராக இருக்கிறது, பரிமாறும் கைதான் போதவில்லை. பொறியாளர்களின் பாடெல்லாம் குமிழியைச் சிறிதாக்குவதில் இருக்கிறது.

புதுக்கோட்டையில் இப்படி ஓர் ஆலை இல்லை. ஆனால் உணவு இருக்கிறது. கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்ட பிறகும் அது வேரோடு போகவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் அடியோடு சாய்ந்து, அவ்வளவு மரத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். ஆதனக்கோட்டை முந்திரித் தோட்டையும் இதில் சேர்க்கலாம். நெல்லையும் கரும்பையும் எத்தனாலாக்குவதைவிட, தண்ணீர் கேட்காமல் முளைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை எத்தனாலாக்குவது இந்த வானம் பார்த்த மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் ஆலைக்குத் தீனி வேண்டும் என்று சொல்லித் தைலமரக் காட்டை இன்னும் பெருக்கினால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். தைலமரத்தோடு நிலத்தடி நீருக்காக இந்த ஊர்கள் நடத்தும் வழக்கு ஓயாத ஒன்று. ஓர் உயிரின் அதிசயத்தைப் போற்றுகிறேன் என்று சொல்லிக் கண்மாயின் உயிரை வாங்குவது முறையாகாது.

அந்த உயிரைத் தேடிப் பெல்ஜியத்துக்கும் போக வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குகையின் கூரையில் தாமரைக் குளம் வரைந்த ஓவியர் மீனையும் வாத்தையும் யானையையும் பூப்பறிப்பவர்களையும் வரைந்தார். அங்கே தவம் செய்த சமணர், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிகோதம் என்ற பெயரில் எங்கும் நிறைந்திருப்பதாக நம்பினார்கள். குளத்தின் அடிச்சேற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. கவிநாடு கண்மாயின் அடிச்சேற்றிலோ கிடை போட்ட வயலிலோ ஒரு பிடி எடுத்து, ஆக்சிஜன் நீக்கிய உப்புக் கரைசலோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிரப்பி, ரப்பர் மூடியால் இறுக அடைத்து, 37 டிகிரியில் வைக்க வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் உயிர்களை அடக்க ஒரு மருந்தும் சேர்ப்பார்கள். சில வாரங்களில் குப்பிக்குள் அழுத்தம் குறைந்தால், அதிலிருந்து ஒரு துளி எடுத்து அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பிறகு அந்தத் துளியைப் புதிய குப்பிக்கு மாற்றி, மறுபடி மாற்றி, ஒரே இனம் எஞ்சும்வரை தொடர வேண்டும். மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான குளங்களில் ஒவ்வொன்றின் சேறும் வேறு வேறு உலோகச் சுவடுகளோடு கிடக்கிறது. நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கோடையிலேயே, தண்ணீர் வற்றும் முன், தொடங்கலாம்.